லேபிள் எல்லாம் ஒட்டியும் மூணே மாசத்துல கடலை மாவு டப்பாவுல ரவை எப்படி வந்துச்சு?

நீங்க கடைசி வரியில கேட்டது "நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு லேபிள் பிரின்டர் பாத்து வச்சிருக்கேன், வாங்கலாமா வேணாமா"ன்னு. ஆனா மேல எழுதினதை எல்லாம் சேர்த்துப் படிச்சா கேள்வி பிரின்டர் பத்தினது இல்ல. கோயம்புத்தூர்ல ஃபிளாட், கிச்சனை நாலு பேர் தொடுறீங்க, நீங்க, உங்க வீட்டுக்காரர், மாமியார், காலையில வந்து சமைச்சு வச்சிட்டுப் போற அக்கா. ஆன்லைன்ல 64 ஸ்டிக்கர் இருக்குற செட் வாங்கி ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து அழகா ஒட்டினீங்க, மூணு மாசத்துல கடலை மாவுன்னு போட்ட டப்பாவுல ரவை, ரவைன்னு போட்டதுல பாதி ஜவ்வரிசி, மிச்சத்துல ஸ்டிக்கரே உரிஞ்சு தொங்குது. அப்போ நீங்க கேக்குறது, நான் ஒருத்தி மட்டும் ஒழுங்கா வச்சா நிக்காத கிச்சனை நாலு பேர் கை பட்டும் நிக்க வைக்கிறது எப்படின்னு தானே? அதுக்கே பதில் சொல்றேன், பிரின்டர் விஷயமும் நடுவுல வரும்.

நான் எங்கேர்ந்து பேசுறேன்னு சொல்லிடுறேன். தரமணியில கேட்டரிங் படிச்சிட்டு கொஞ்ச நாள் ஹோட்டல்ல இருந்தேன், அப்புறம் 22 வருஷம் ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸுல ஸ்டோர் கீப்பர். மாடுலர் கிச்சன், இன்டீரியர் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, கலர் மேட்சிங் எல்லாம் என்னைக் கேக்காதீங்க. ஆனா பத்துப் பதினஞ்சு பேர் கை வைக்கிற ஸ்டோர்ல எந்தச் சாமான் எங்க இருக்கு, எப்ப வந்தது, எதை முதல்ல எடுக்கணும்னு தெரிய வைக்கிறது தான் என் பிழைப்பா இருந்துச்சு.

முதல்ல ஒரு கதை. ஸ்டோர்ல பெரிய எவர்சில்வர் டப்பாங்களை மாசம் ஒரு தடவ கழுவிக் காய வைப்போம். அப்போ பேரெல்லாம் மூடியில தான் ஒட்டியிருந்தோம், மேலேர்ந்து பாத்தா நல்லா தெரியும்ல, அதுக்காக. ஒரு தடவ காஞ்சதுக்கு அப்புறம் திருப்பி மூடினப்போ அரிசி மாவு மூடி மைதாவுக்கும் மைதா மூடி அரிசி மாவுக்கும் போயிருச்சு. சாயங்காலம் முன்னூறு பேருக்கு வாழைக்கா பஜ்ஜி, மொறுமொறுன்னு வரட்டும்னு மாஸ்டர் அரிசி மாவுன்னு நினைச்சு மைதாவைக் கொட்டிட்டாரு. அந்த செமஸ்டர் முழுக்க பசங்க அதை ரப்பர் பஜ்ஜின்னு தான் கூப்பிட்டாங்க. தப்பு மாஸ்டரோடது இல்ல, என்னோடது. அன்னிலேர்ந்து நான் மூடியில லேபிள் ஒட்டுறதே கிடையாது, டப்பா உடம்புல தான், அதுவும் கண்ணுக்கு நேரா தெரியுற பக்கம். உங்க வீட்டுலயும் ரவை கடலை மாவுக்குள்ள நடந்து போயிருக்காது, மூடி மாறியிருக்கும், இல்லன்னா அவசரத்துக்குக் காலியா இருந்த டப்பாவுல யாரோ கொட்டியிருப்பாங்க. ரெண்டுல எதுன்னு பாத்துக்கோங்க, ஏன்னா ரெண்டுக்கும் மருந்து வேற வேற. மூடி மாறுறதுக்கு லேபிளை உடம்புல ஒட்டினா போதும். கொட்டுறதுக்கு, எப்பவும் ரெண்டு மூணு காலி டப்பாவை பேர் இல்லாம ஒரு இடத்துல வைக்கணும். கடையிலேர்ந்து வந்த பாக்கெட்டுக்கு இடம் இல்லாதப்போ தான் மனுஷன் கண்ணுல பட்ட டப்பாவுல கொட்டுவான்.

இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க, நம்ம பாட்டி வீட்டு அஞ்சறைப்பெட்டியில லேபிள் இருந்துச்சா? கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு எல்லாம் திறந்தவுடனே கண்ணுக்குத் தெரியுது, கிண்ணம் இடம் மாறுறதும் இல்ல, அதனால எழுத்தே தேவைப்படல. ஆனா அதே பாட்டி எவர்சில்வர் தூக்குலயும் சம்படத்துலயும் பாத்திரக்கடையில குடுத்துப் பேர் வெட்டி வச்சிருப்பாங்க, புருஷன் இனிஷியலோட, சில சமயம் கல்யாணத் தேதியோட. உள்ள என்ன இருக்குன்னு வெட்டல பாருங்க. ஏன்னா பக்கத்து வீட்டுக்குக் கொழம்பு குடுத்தா, விசேஷத்துக்குப் பாத்திரம் இரவல் போனா, "இது யாரு வீட்டுது"ங்குற கேள்வி வரும், அந்தக் கேள்வி வர்றப்போ பாட்டி அங்க நின்னு பதில் சொல்ல முடியாது. நான் லேபிளைப் புரிஞ்சுக்கிட்டது இப்படித்தான், நீங்க பக்கத்துல இல்லாதப்போ இன்னொருத்தருக்கு என்ன சந்தேகம் வருமோ அதுக்கான பதிலை மட்டும் எழுதணும். கண்ணாடி பாட்டில்ல கொண்டைக்கடலை இருக்கு, அதுல "கொண்டைக்கடலை"ன்னு ஒட்டினா அழகா இருக்கும், சரி, ஆனா யாருக்கும் அந்தச் சந்தேகம் வராது. "இது எப்ப வாங்கினது"ங்குற சந்தேகம் வரும், உங்க 64 ஸ்டிக்கர்ல ஒண்ணு கூட அதுக்குப் பதில் சொல்லாது.

அதனால பேர் வேண்டியது எதுக்குன்னா ஒண்ணு போல இன்னொண்ணு தெரியுற சாமானுக்கு. வெள்ளைப் பொடி வகை தான் முதல் எதிரி, மைதா, அரிசி மாவு, இடியாப்ப மாவு, கார்ன் ஃப்ளார், ஆப்ப சோடா, பேக்கிங் பவுடர், தூள் உப்பு, பொடிச்ச சர்க்கரை. அப்புறம் சீரகமும் சோம்பும், எள்ளும் கருஞ்சீரகமும், இட்லி அரிசியும் சாப்பாட்டுப் புழுங்கலும், சாம்பார் பொடியும் கொழம்பு மிளகாய்த் தூளும். என் கணக்குல ஒரு வீட்டுல அம்பது டப்பா இருந்தா அதுல பேர் உண்மையிலேயே தேவைப்படுறது பதினஞ்சு இருபதுக்குத் தான். மத்ததுக்கெல்லாம் ஒட்டுறதால தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா ஒட்டின எல்லாத்தையும் நீங்க தான் பராமரிக்கணும், நாலு லேபிள் தப்பா இருந்தா போதும், அதுக்கப்புறம் வீட்டுல யாரும் மத்த நாப்பதையும் நம்ப மாட்டாங்க, மூடியத் திறந்து பாக்க ஆரம்பிச்சிருவாங்க.

இப்போ உங்க கிச்சன்ல பேர் தெரியாத வெள்ளைப் பொடி டப்பா ஏதாவது இருந்தா, தயவுசெஞ்சு நாக்குல வச்சுப் பாக்காதீங்க. மைதாவா கார்ன் ஃப்ளாரான்னு விரல்ல தேச்சாலே தெரியும், கார்ன் ஃப்ளார் அழுத்தினா கரகரன்னு ஒரு மாதிரி கிறீச்சிடும், மைதா பட்டு மாதிரி போகும், அரிசி மாவு லேசா நறநறக்கும். ஆப்ப சோடா எலுமிச்சைச் சாறு பட்டா பொங்கும், சுடுதண்ணி மட்டும் ஊத்தினா பேக்கிங் பவுடர் மாதிரி நுரைக்காது, பேக்கிங் பவுடர் வெறும் சுடுதண்ணிக்கே பொங்கும், ஏன்னா அதுல புளிப்புக்கான உப்பும் சேர்ந்தே இருக்கு. இவ்வளவு பண்ணியும் சந்தேகம் தீரலன்னா குப்பையில போடுங்க. பத்து ரூபாய் மாவுக்காக ரிஸ்க் வேணாம், அந்தப் பொடி வாஷிங் சோடாவாவோ பூச்சிக்கு வாங்கினதாவோ இருக்கலாம்.

இதைச் சொல்றப்போவே இன்னொண்ணையும் சொல்லணும். தீப எண்ணெய் பாட்டில். விளக்குக்குன்னு விக்கிற எண்ணெய் சாப்பிடுறதுக்கு இல்லன்னு பாட்டில்லயே போட்டிருப்பாங்க, ஆனா அதை அழகா இருக்கட்டும்னு நல்லெண்ணெய் வைக்கிற மாதிரி ஒரு கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வச்சா அந்த எழுத்து குப்பைக்குப் போயிருது, நிறமும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். இதுக்கு நான் லேபிள் யோசனையே சொல்ல மாட்டேன், தீப எண்ணெயை வாங்கின பாட்டில்லயே பூஜை ரூம்லயே விட்டுருங்க, கிச்சனுக்குள்ள வரவே கூடாது. ஃபினாயில், பாத்ரூம் ஆசிட், வினிகர்னு நினைக்கிற மாதிரி இருக்குற கிளீனிங் தண்ணி எதையும் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்லயோ பழைய ஜாம் பாட்டில்லயோ ஊத்தவே கூடாது, நீங்க எத்தனை பெரிசா எழுதி ஒட்டினாலும் படிக்கத் தெரியாத குழந்தைக்கு பாட்டில் தான் லேபிள்.

சரி, தேதி. இது தான் என் பதில்ல பெரிய பங்கு. பாக்கெட்ல இருக்குற தேதி பிரிக்காத பாக்கெட்டுக்கான தேதி. 2020-ல வந்த எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லேபிளிங் விதியில தயாரிச்ச தேதி இல்லன்னா பேக் பண்ண தேதியும், எக்ஸ்பைரி அல்லது யூஸ் பை தேதியும் கட்டாயம், பெஸ்ட் பிஃபோர் கம்பெனி விருப்பப்பட்டா கூடுதலா போட்டுக்கலாம். பெஸ்ட் பிஃபோர்னா அதுக்குள்ள ருசி, மணம், பதம் குறையாதுன்னு அர்த்தம், மறுநாளே விஷம் ஆயிரும்னு இல்ல, யூஸ் பை தாண்டினதைத் தான் சாப்பிடக் கூடாது. நீங்க பாக்கெட்டைப் பிரிச்சு டப்பாவுல கொட்டின நிமிஷத்துலேர்ந்து கணக்கு வேற, காத்து, ஈரம், ஈரக்கை பட்ட ஸ்பூன் எல்லாம் சேர்ந்துரும். அதனால நாங்க ஸ்டோர்ல ரெண்டு தேதி எழுதுவோம், பிரிச்ச தேதி ஒண்ணு, பாக்கெட்ல போட்டிருந்த கடைசித் தேதி ஒண்ணு. வீட்டுக்கு அவ்வளவு வேணாம்னா பாக்கெட்ல அந்தத் தேதி இருக்குற துண்டை மட்டும் கத்திரிச்சு டப்பா பின்னாடி செல்லோ டேப் போட்டு ஒட்டிருங்க, பாதி வேலை முடிஞ்சுது, எழுதவே வேணாம்.

வீட்டுல அரைச்ச பொடிக்குத் தான் தேதி ரொம்ப அவசியம், ஏன்னா அதுக்கு பாக்கெட்டே கிடையாது. மிஷின்ல குடுத்து அரைச்ச சாம்பார் பொடி, ரசப்பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, ஊர்லேர்ந்து மாமியார் கொண்டு வந்த வடாம், மாவடு, எலுமிச்சை ஊறுகா ஜாடி. ஒவ்வொண்ணுலயும் "அரைச்சது மாசி"ன்னு எழுதினா கூட போதும். அரிசிக்கும் தான், மூட்டை புது அரிசியா பழைய அரிசியான்னு தெரிஞ்சா தண்ணி அளவு மாத்தி வைக்கலாம், இல்லன்னா அந்த அக்கா மேல தான் பழி, சோறு குழைஞ்சிருச்சுன்னு. தோசை மாவு டப்பாவுல எங்க வீட்டுல கிழமை மட்டும் எழுதுவோம். செவ்வாய்க்கிழமை அரைச்சதுன்னா புதன் இட்லி, வியாழன் தோசை, அதுக்கு மேல போச்சுன்னா வெங்காயம் போட்டு ஊத்தப்பம், இதெல்லாம் யாரும் யாரையும் கேக்காம நடக்கும்.

ஹோட்டல்ல இதுக்குன்னே கிழமைக்கு ஒரு கலர்ல சின்ன ஸ்டிக்கர் இருக்கும், எந்தக் கிழமைக்கு எந்தக் கலர்ங்குறது கிச்சனுக்கு கிச்சன் மாறும், ஃபிரிட்ஜைத் திறந்தாலே எது பழசுன்னு தூரத்துலேர்ந்தே தெரியும். வீட்டுக்கு அது ஓவர்னு தான் நினைக்கிறேன். மிச்சம் மீதி வைக்கிற டப்பாவுல ஒரு துண்டு டேப்புல கிழமை எழுதினா போதும், மூணு நாள் தாண்டினா நான் யோசிக்காம கொட்டிருவேன். ஒரு எச்சரிக்கை மட்டும், லேபிள் சொல்றது எப்ப உள்ள வச்சோம்னு தான், அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் வெளிய கெடந்துச்சுன்னு அது சொல்லாது. 5 டிகிரிலேர்ந்து 60 டிகிரி வரைக்கும் தான் கிருமி வேகமா வளர்ற சூடுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க, மத்தியானம் வச்ச சோறும் சாம்பாரும் ராத்திரி வரைக்கும் மேடையில இருந்துட்டு அப்புறம் ஃபிரிட்ஜுக்குப் போனா தேதி என்ன தான் புதுசா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

தேதி எழுதுறது பாதி தான், மீதி பாதி பழசு மேல புதுசைக் கொட்டாம இருக்குறது. முதல்ல வந்தது முதல்ல போகணும், ஃபிஃபோன்னு சொல்லுவாங்க, 2011 உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் விதிகளோட நாலாவது அட்டவணையிலயே இது இருக்கு, ஹோட்டல், மெஸ் எல்லாருக்கும் பொருந்தும். நம்ம வீட்டுல என்ன நடக்குது, டப்பாவுல கால் கிலோ துவரம்பருப்பு அடியில கெடக்கும், புது பாக்கெட் வரும், அப்படியே மேல கொட்டிருவோம், அடியில இருக்குறது தீபாவளிக்கு வாங்கினதா பொங்கலுக்கு வாங்கினதான்னு கடவுளுக்குத் தான் தெரியும். வண்டு ஒரு பருப்புல இருந்தா புது பருப்புக்கும் போயிரும். எந்தச் சாமான் அதிகமா வாங்குறீங்களோ அதுக்கு ஒரு டப்பா, பாக்கெட் ஒண்ணு பின்னாடி வெயிட்டிங், டப்பா காலியாகி தொடைச்சுக் காஞ்ச அப்புறம் தான் பாக்கெட்டைப் பிரிக்கணும். கடைசி பாக்கெட்டைப் பிரிக்கிற ஆள் மளிகை லிஸ்ட்ல எழுதணும், அது யாரா இருந்தாலும் சரி. இந்த ஒரு பழக்கத்தை உங்க வீட்டுக்காரரைச் செய்ய வச்சிட்டீங்கன்னா நீங்க கெட்டிக்காரி.

வண்டுக்கு காஞ்ச மிளகாய், வேப்பிலை, பிரிஞ்சி இலை போட்டா வராதுன்னு சொல்றதை நான் முழுசா நம்புறதில்ல. வெளியிலேர்ந்து வர்றதைக் கொஞ்சம் தடுக்கலாம். ஆனா அரிசி வண்டு அரிசிமணிக்குள்ளயே ஓட்டை போட்டு முட்டை வச்சு மூடிரும், கடையிலேர்ந்து வரும்போதே உள்ள இருந்தா மிளகாய் என்ன பண்ணும் பாவம். பயறு வண்டு அப்படி இல்ல, பயறு மேல முட்டையை ஒட்டி வைக்கும், பாசிப்பயறுல வெள்ளைப் புள்ளியா தெரியும் பாருங்க, அது தான். விளக்கெண்ணெய் லேசா தடவி வைக்கிற பழைய வழி பயறு பருப்புக்கு வேலை செய்யும், எண்ணெய் பட்டா அந்த முட்டை மூச்சு முட்டிச் செத்துரும். கொஞ்சமா வாங்குற ரவை, மைதா, கோதுமை மாவுக்கு ஒரு வாரம் ஃப்ரீசர்ல வச்சு எடுத்து, ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் பிரிச்சு டப்பாவுல போடுறது நிச்சயமா பலன் தரும்.

இப்போ பிரின்டர். நீங்க பாத்து வச்சது ஃபோனோட ப்ளூடூத்துல சேர்ற, இங்க் தேவையில்லாத வகைன்னு எழுதியிருக்கீங்க. அந்த வகையில நிறைய மாடல் பஸ் டிக்கெட், ஏடிஎம் சீட்டு மாதிரி சூட்டுல கருப்பாகுற பேப்பர்ல தான் அடிக்கும். பர்ஸுல ஆறு மாசம் கெடந்த ஏடிஎம் சீட்டு என்ன ஆகும்? அதே தான். அடுப்புச் சூடு, எண்ணெய்ப் பிசுக்கு, சானிடைசர் மூணும் அதுக்கு ஆகாது, கிச்சன்ல மூணும் இருக்கு. மேல பிளாஸ்டிக் படலம் மூடின டேப்புல அடிக்கிற மெஷின் இருக்கு, அது நிக்கும், ஆனா டேப் விலை கூட. தமிழ் எழுத்து சரியா வருதான்னும் வாங்குறதுக்கு முன்னாடி பாத்துருங்க, என் தங்கச்சி வாங்கினதுல ஒற்றைக்கொம்பு தனியா, எழுத்து தனியா நின்னுச்சு, கொத்தமல்லியைப் படிக்கவே முடியல. என் ஸ்டோர் 22 வருஷம் ஓடினது பேப்பர் மாஸ்கிங் டேப்பும் கருப்பு பெர்மனென்ட் மார்க்கரும் வச்சு தான். டேப்பைக் கையால கிழிக்காம கத்திரியால வெட்டி, ஒரு ஓரத்தை மடிச்சு ஒட்டுங்க, மாத்தணும்னா அந்த ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா ஒரே இழுப்புல வந்துரும். லேபிள் மாத்துறது கஷ்டமா இருந்தா யாரும் மாத்த மாட்டாங்க, உங்க அழகான ஸ்டிக்கர் தோத்தது அதுல தான், ரவையைப் போட்டவங்களுக்கு ஸ்டிக்கரை உரிக்க மனசு வரல. எவர்சில்வர், கண்ணாடியில நேரடியாவே மார்க்கர்ல எழுதலாம், சானிடைசர் தொட்டுத் தொடைச்சா போயிரும். ஒட்டுறதுக்கு முன்னாடி எண்ணெய்ப் பிசுக்கு போகத் தொடைச்சு நல்லா காய விடணும், ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்து வேர்த்துக்கிட்டு இருக்குற டப்பாவுல எந்தக் கம்பெனி ஸ்டிக்கரும் நிக்காது. பழைய ஸ்டிக்கர் பசை போகலன்னா தேங்காண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டுட்டுத் தேய்ங்க.

எந்த மொழியில எழுதுறதுன்னு நீங்க கேக்கல, ஆனா அங்க தான் சிக்கல்னு எனக்குத் தோணுது. உங்க ஸ்டிக்கர் எல்லாம் இங்கிலீஷ்ல, அதுவும் வளைஞ்சு வளைஞ்சு போற எழுத்துல. மாமியார் தமிழ் மட்டும் படிப்பாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. தமிழ்லயும் எந்தத் தமிழ்னு ஒண்ணு இருக்கு, நீங்க பொட்டுக்கடலைன்னா அவங்க பொரிகடலைம்பாங்க, நீங்க பாசிப்பருப்புன்னா அவங்க பயத்தம்பருப்பும்பாங்க, விழுப்புரம் பக்கம்னா வேர்க்கடலை மல்லாட்டை ஆயிரும், தனியாவா மல்லியான்னு எங்க மெஸ்ஸுலயே சண்டை வந்திருக்கு. அந்த டப்பாவை யாரு அதிகமா எடுக்குறாங்களோ அவங்க சொல்ற பேரை எழுதுங்க, அவங்க கையாலயே எழுதச் சொன்னா இன்னும் நல்லது, தான் எழுதினதை மனுஷங்க மதிப்பாங்க. சமைக்கிற அக்காவுக்குப் படிக்க வராதுன்னா (கூச்சத்துல சொல்லியிருக்க மாட்டாங்க, நீங்களும் எல்லார் முன்னாடியும் கேக்காதீங்க) டப்பாவுக்கு வெளிய நாலு பருப்பை டேப்புக்குள்ள வச்சு ஒட்டிருங்க. எங்க ஸ்டோர்ல மூட்டை தூக்குற ஒரு அண்ணனுக்காகப் பண்ணினது இது, அப்புறம் எல்லாருமே எழுத்தை விட்டுட்டு அதைத் தான் பாத்தாங்க.

டப்பாவை விட ஷெல்ஃபுக்கு லேபிள் ஒட்டுறது இன்னும் நல்லா நிக்கும். ஷெல்ஃப் ஓரத்துல "பருப்பு", "மாவு", "டிபன் சாமான்"ன்னு மட்டும், டப்பா எதுவா இருந்தாலும் திரும்ப எங்க போகணும்னு எல்லாருக்கும் தெரியும். இடம் பிரிக்கிறப்போ தினம் எடுக்குறது கண் மட்டத்துல, கனமானது கீழ, மசாலாப் பொடி அடுப்புக்கு நேர் மேல வேண்டாம், சூட்டுல மணம் போயிரும், சிங்க் அடியில சாப்பாட்டுச் சாமானே வேண்டாம், அவ்வளவு தான். ஒரே நாள்ல எல்லாத்தையும் கவுத்துப் போடாதீங்க, இந்த வாரம் மாவு ஷெல்ஃப் மட்டும் எடுங்க, ரெண்டு வாரம் அது அப்படியே நிக்குதான்னு பாத்துட்டு அடுத்ததுக்குப் போங்க. நிக்கலன்னா யாரையும் திட்டுறதுக்கு முன்னாடி அந்த ஷெல்ஃப்ல இடம் பத்துதான்னு பாருங்க, நான் பாத்த வரைக்கும் பத்துக்கு ஏழு தடவ இடப் பிரச்னை தான், ஆள் பிரச்னை இல்ல.

அந்த 64 ஸ்டிக்கர் செட்ல மிச்சம் இருக்குறதைத் தூக்கிப் போட வேணாம், அடிக்கடி மாறாத உப்பு, சர்க்கரை, டீத்தூள், காபித்தூளுக்கு அது போதும். குயினோவா, பாஸ்தான்னு நம்ம வீட்டுல இல்லாத பேர் பத்துப் பதினஞ்சு இருக்கும், புளிக்கு ஒண்ணு கூட இருக்காது. குயினோவாவை வேணும்னா ரேஷன் அரிசி டப்பாவுல ஒட்டிக்கோங்க, வர்ற விருந்தாளியாவது அசந்து போகட்டும்.